எறும்புக்கு விட்ட வழி

எங்கள் தோட்டத்துப் பின்சுவரில் நான் உயிரோடு இருக்கும்வரை கதவு வராது என்று ஒரு சபதம் செய்தேன். தனியாக அல்ல. சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் காதர் பாயும் சேர்ந்துதான் செய்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. சபதம் என்றால் கை குலுக்க வேண்டும் என்றார் பாய். சுவர் ஆறடி. நாங்கள் இருவரும் ஐந்தரைக்கு உட்பட்டவர்கள். நான் துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறினேன். அவர் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் ஏறினார். குலுக்கினோம். பெட்டி ஆடியது. சபதம் ஆடவில்லை.

கதவு கேட்டவர்கள் எங்கள் மனைவிமார்.

மயிலாப்பூரில், சாந்தோம் கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் எங்கள் வீடு. என் வாசல் ஒரு சந்தில். காதர் பாய் வாசல் அடுத்த சந்தில். இரண்டு வீடும் முதுகோடு முதுகு. நடுவில் அந்தச் சுவர். பாயின் மனைவி அஃப்சருன்னிசா, என் மனைவி பியாட்ரிஸிடம் தையல் கற்றுக்கொள்ள வருவாள். அவள் கோஷா. தெருவில் நடக்கக் கூடாது. ஆகவே திரை கட்டிய ஜட்கா வரும். அவளை ஏற்றிக்கொண்டு கச்சேரி ரோடு வரை போய், வளைந்து, மார்க்கெட்டைச் சுற்றி, கால் மணி கழித்து எங்கள் வாசலில் இறக்கும். பத்தடி தூரத்துக்குக் குதிரைக்கு மூச்சு வாங்கும்.

அந்த ஜனவரியில் அவளுக்கு ஆறு மாதம். தலைப்பிரசவம். ஜட்கா கூடவே கூடாது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். பாய் காலையில் குடைக்கடை திறக்கப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். பகல் முழுவதும் அந்தப் பெண் வீட்டில் தனி. ஏதாவது அவசரம் என்றால் மண்ணெண்ணெய்ப் பெட்டி மேல் ஏறி, "அக்கா!" என்று கூப்பிட வேண்டும். ஒரு நாள் ஏறினாள். பெட்டி சறுக்கியது. சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அன்றைக்குத்தான் பியாட்ரிஸ் கதவு கேட்டாள்.

"பெரிசா வேணாங்க. ஒரு ஆள் நுழையற மாதிரி ஒரு கதவு."

"அந்த இடத்துலதான் என் அவரைப் பந்தல் இருக்கு."

"பந்தலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டா?"

"அவரையத் தள்ளறதா? பூ வெச்சிருக்கு, பியாட்ரிஸ்!"

"அவ வயித்துல புள்ள இருக்குங்க."

பதில் தெரியாத இடத்தில் சபதம் செய்வது அந்தக் காலத்தில் என் வழக்கம்.

அவரையைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டணத்தில் ரேஷன் வந்த புதிது. வீட்டுக்கு வீடு காய்கறி பயிரிடுங்கள் என்று சர்க்கார் நோட்டீசு ஒட்டியிருந்தது. நான் ஜார்ஜ் டவுனில் ஓர் அச்சாபீசில் பைண்டிங் பகுதியில் இருந்தேன். அந்த நோட்டீசைக் கட்டுக் கட்டாக வெட்டி அடுக்கியவன் நான்தான். வெட்டி வெட்டி, கடைசியில் அதை நம்பியும் விட்டேன். சுவர் ஓரம் அவரை, பக்கத்தில் வெண்டை, இந்தண்டை இரண்டு பாத்தி கத்திரி. முதல் பறிப்பில் ஒரு கூடை அவரை கோயிலுக்கு அனுப்புகிறேன் என்று பங்குச் சாமியாரிடம் வாய் விட்டிருந்தேன். என் கௌரவம் அந்தப் பந்தலில் தொங்கிக்கொண்டிருந்தது.

பாய்க்கு வேறு காரணம். "கதவு வச்சா ரெண்டு வூடும் ஒண்ணாப் பூடும் சார். அப்பால நான் சோறு துண்ண என் பொஞ்சாதியத் தேடிக்கினு உங்க வூட்டுக்கு வரணும்."

சபதத்தைச் சொன்னபோது பியாட்ரிஸ் சண்டை போடவில்லை. "சரிங்க" என்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் 'சரிங்க' சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து நாலாம் நாள் எறும்பு வந்தது.

சிவப்பு எறும்பு. கடிக்கிற ஜாதி. சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு செங்கல் ஆடிக்கொண்டிருந்தது. அதன் இடுக்கிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, இறங்கி, என் அவரைக் கொடியில் ஏறியது. இன்னொரு வரிசை கொடியிலிருந்து இறங்கி இடுக்குக்குள் போயிற்று. நான் குந்தி உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன். எது போகிற எறும்பு, எது வருகிற எறும்பு என்றே விளங்கவில்லை. வீடு சுவருக்குள்ளா, சாப்பாடு சுவருக்குள்ளா? ஒன்று மட்டும் விளங்கியது. ஒரு எறும்பு என் வேட்டிக்குள் போய்விட்டிருந்தது.

உள்ளே வந்து காபியை வாயில் வைத்தேன். கசந்தது.

"சர்க்கரை போடலியா?"

"ரேஷன்ல கம்மி பண்ணிட்டாங்க."

"போன வாரம் இருந்துதே?"

"போன வாரம், போன வாரம். தவக்காலம் வருது. இப்பவே பழகிக்குங்க."

"சாம்பல் புதனுக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல இருக்கு!"

"பழகறதுக்கு ஒரு மாசமாவது வேணாமா?"

அச்சாபீசில் சண்முகவேல் என்று ஒரு சிநேகிதர். அவருடைய மைத்துனர் பட்டாளத்துக் கிடங்கில் இருந்தார். எறும்புக் கதையைக் கேட்டதும் மறுநாளே ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். உள்ளே ஏதோ பொடி. "ஒரு சிட்டிகை தூவுங்க ஆம்ப்ரோஸ். எறும்பு காலி, கரப்பான் காலி, எலி காலி" என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து அதே வரிசையில் சொன்னேன்.

"எங்கே தூவுவீங்க?" என்றாள் பியாட்ரிஸ்.

"அவரைக்கு அடியில."

"அங்கே மேயறது யாரு?"

"நம்ம கோழி."

"கோழியத் தின்னறது யாரு? அந்த அவரையத் தின்னறது யாரு? சாமியாருக்குக் கூடை அனுப்பப் போறது யாரு? எறும்பு காலி, கோழி காலி, நாம காலி, பங்குச் சாமியார் காலி. கொண்டுபோய்க் குடுத்திடுங்க."

டப்பா சண்முகவேலிடமே திரும்பிப் போயிற்று. பியாட்ரிஸ் சொன்னது நியாயம். அதில் இன்றைக்கும் எனக்கு மறுப்பில்லை. விஷம் இல்லாமல் எறும்பை ஜெயிப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் சாம்பல். அடுப்புச் சாம்பலைச் சலித்து, அவரைத் தூர் ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டு விரல் கனத்துக்கு வட்டம் போட்டேன். எறும்பு வந்தது. சாம்பலைத் தொட்டது. திரும்பியது. அந்த வருஷம் எங்களுக்கு முன்னாலேயே எறும்புகளுக்குச் சாம்பல் புதன் வந்துவிட்டது என்று பியாட்ரிஸிடம் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

மறுநாள் காலை ஒரு துடைப்பக் குச்சி சாம்பல் வட்டத்தின் மேல் குறுக்கே கிடந்தது. எறும்புகள் அதன் மேல் ஏறி, அடையாற்றுப் பாலத்தில் போகிற மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காற்றில் விழுந்திருக்கும் என்று எடுத்தெறிந்தேன். அடுத்த நாள் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குச்சி கிடந்தது. காற்றுக்கு இவ்வளவு கணக்கு உண்டா? நான் குழம்பிப் போனேன். குச்சிகளைப் போட்டது யார் என்று கேட்டிருக்கலாம். இப்போது கேட்கலாமென்றால், கேட்க வேண்டியவள் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

அடுத்தது வெந்நீர். ஒரு தவலை கொதிக்கக் கொதிக்கக் கொண்டுபோய், செடி மேல் சிந்தாமல் அந்தச் செங்கல் இடுக்கில் ஊற்றினேன். உள்ளே 'சொய்' என்றது. இந்தப் பக்கம் ஓர் எறும்பு கிடையாது. வெற்றி என்று நிமிர்ந்தேன். அந்தப் பக்கம் அலறல் கேட்டது.

"யா அல்லா! ஆம்ப்ரோஸ் சார்! இன்னா சார் பண்ணீங்க? செவுத்துலேர்ந்து எறும்பா கொட்டுது!"

மறுநாள் பாய் ஒரு தவலை ஊற்றினார். எல்லாம் என் பக்கம் வந்து சேர்ந்தன. அதற்கு மறுநாள் நான். பிறகு அவர். நாலு நாள் இப்படிப் போயிற்று. எறும்புகளுக்குத்தான் ஜட்கா இல்லாமல் போய்வர வழி இருந்தது.

பிறகுதான் பாய் அந்த யோசனை சொன்னார். துவைக்கிற கல் மேலும் பெட்டி மேலும் ஏறி நின்று ஆலோசித்தோம்.

"சார், ஒரு புத்து மண்ணை எடுத்து இன்னோரு புத்துல போட்டா ரெண்டு கூட்டமும் அடிச்சிக்கும். என் மாமனாரு சொல்லிக்கீறாரு. உங்க மண்ணு எனக்கு, என் மண்ணு உங்களுக்கு."

அருமையான யோசனை. மருந்தில்லை, செலவில்லை. அவர் ஒரு டப்பா மண் கொடுத்தார். நான் ஒரு டப்பா மண் கொடுத்தேன். அவரவர் பக்கம் கொட்டிவிட்டு யுத்தம் பார்க்க உட்கார்ந்தோம். அவர் எறும்பு ஒன்று என் எறும்பு ஒன்றை எதிரே சந்தித்தது. இரண்டும் மீசையை மீசையால் தடவிக்கொண்டன. பிறகு ஒன்றாக அவரையில் ஏறின.

"பாய், உங்க பக்கம் சண்டை நடக்குதா?"

"இல்ல சார். கொலாவிக்கினு கீதுங்க. உங்க பக்கம்?"

"கல்யாண வீடு மாதிரி இருக்கு."

பிறகு பாய் மெதுவாகச் சொன்னார்: "சார், ரெண்டும் ஒரே குடும்பம் போலக் கீது."

எங்களுக்கு அன்று மனம் விட்டுப் போயிற்று. பேச்சை மாற்றுவதற்காக, "உங்க வீட்டுல டீ எப்படி, பாய்?" என்றேன்.

"கசாயம் சார். சக்கரையே கெடையாதுன்றா. ரேஷன்ல கம்மியாம்."

"எங்க வீட்லயும் அதேதான்."

"அநியாயம் சார்."

அநியாயம்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றே உட்கார்ந்து ரேஷன் ஆபீசருக்கு ஒரு மனு எழுதினேன். ஐயா, பொங்கலுக்குப் பிறகு மயிலாப்பூர்வாசிகளின் சர்க்கரை மர்மமாகக் குறைந்து வருகிறது என்று ஆரம்பம். ஒரு பக்கம் நிறைய எழுதினேன். பியாட்ரிஸ் பொறுமையாகக் கேட்டாள். "நல்லா எழுதியிருக்கீங்க. குடுங்க, நானே தபால்ல போட்டுடறேன்" என்றாள்.

பதில் வரவில்லை. எறும்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் நான் பந்தலடியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது பியாட்ரிஸ் வந்து நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்க."

"சொல்லு."

"செடி அடர்ந்து கெடக்குது. எறும்பு எங்கேருந்து வருது, எங்கே போகுதுன்னே உங்களுக்குத் தெரியல. சுவர்லேருந்து இப்படி நேரா மூணடி அகலத்துக்கு வெறுந்தரையா விட்டா, கண்ணுக்காவது தெரியும்."

புத்தியுள்ள பேச்சு. அந்தச் சனிக்கிழமை பந்தல் கால்களைப் பிடுங்கி, கொடியைப் பதமாக இழுத்து, இடப் பக்கம் தள்ளிக் கட்டினேன். வெண்டையில் பாதியைப் பெயர்த்து வலப் பக்கம் நட்டேன். நடுவில் சுவர் முதல் கொல்லைக் கதவு வரை மூன்றடி அகலத்துக்கு வெறுந்தரை. ஈரம் தெளித்துத் திமிசு போட்டு அடித்தேன். மழமழவென்று ஆகிவிட்டது. அவரையில் ஒரு பூக்கூட உதிரவில்லை. பியாட்ரிஸ் அதன் மேல் ஒரு தடவை அந்தக் கோடிக்கு நடந்து போய், திரும்பி நடந்து வந்தாள்.

"நல்ல அகலம்" என்றாள்.

இப்போது வரிசை தெளிவாகத் தெரிந்தது. சந்தேகமில்லை. எல்லாம் அந்தச் செங்கல் இடுக்கில்தான் போய் முடிந்தது. கூடு சுவருக்குள் இருக்கிறது. சுவரைத் திறந்து, ராணி எறும்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது. பாய்க்கும் அதே முடிவு. ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை என்று பேசி வைத்தோம்.

பியாட்ரிஸிடம் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"சுவரை இடிக்கறதா? வேணவே வேணாம்."

"ரெண்டு செங்கல்தான்."

"ரெண்டுன்னு ஆரம்பிப்பீங்க. சபதம் பண்ணினது யாரு? சுவர் சுவராவே இருக்கணும்னு சொன்னது யாரு?"

"சபதம் கதவுக்கு. இது எறும்புக்கு."

"நான் சம்மதிக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் அஃப்சருன்னிசாவும் இதே குரலில் மன்றாடுவது கேட்டது. பாயும் இதே குரலில் மறுத்துக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் எதிர்க்கிறார்கள் என்றதும் எங்கள் உறுதி இரட்டிப்பாயிற்று. கடைசியில் பியாட்ரிஸ் ஒரு பெருமூச்சு விட்டாள். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு கொண்டுவந்தாள். சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு கிழித்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு.

"இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல என்ன வேணும்னாலும் பண்ணுங்க. கோட்டுக்கு வெளியே ஒரு செங்கல் அசைஞ்சுதோ, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

அந்தப் பக்கமும் கரிக்கோடு விழுந்ததாகப் பாய் சொன்னார். பார்த்தால் இரண்டு பக்கத்துக் கோடும் நூல் பிடித்த மாதிரி ஒரே இடம். பெண்களுக்குள் இப்படி ஓர் ஒற்றுமை என்று ஆச்சரியப்பட்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் ஆரம்பித்தோம். நான் இங்கிருந்து, அவர் அங்கிருந்து. மண் சாந்தில் கட்டிய பழைய சுவர். ஆடிய செங்கலை இழுத்தேன், மேலே இருந்த நாலு விழுந்தது. கூட்டைக் காணோம். மேலே இருக்கும் என்றார் பாய். மேலே இடித்தோம். கீழே இருக்கும் என்றேன் நான். கீழே இடித்தோம். கோட்டைத் தொட்ட இடத்தில் மட்டும் செங்கல் செங்கலாகப் பார்த்துப் பார்த்து எடுத்தோம். பதினொரு மணிக்கு எனக்குப் பாயின் முழு உருவமும் தெரிந்தது. தலையிலிருந்து கால் வரை நான் அவரை ஒரே தடவையில் பார்த்தது அன்றுதான்.

கூடு இல்லை. ராணி இல்லை. இடித்துப் போட்ட செங்கல் குவியலில், அந்த ஆடுகிற செங்கலுக்குப் பின்னால் இருந்த பொந்திலிருந்து விழுந்த ஒரு பொருள் கிடந்தது. பாய் குனிந்து எடுத்தார். ஒரு மூடி. அதற்குள் சர்க்கரைப் பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி ஆயிரம் எறும்பு.

அது என் ஷேவிங் சோப்பு டப்பாவின் மூடி. பொங்கலிலிருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கு" என்றேன்.

பாய் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எலி மூடியத் தூக்கும் சார். சக்கரையக் கரைச்சி, அதுல ஊத்தி, செங்கல்ல மூடி வைக்குமா?"

"பட்டணத்து எலி, பாய்."

நான் அதை நம்பித்தான் சொன்னேன். பாதியாவது நம்பினேன். மீதிப் பாதியை நினைப்பதற்குள் தோட்டத்தை ஒட்டிய சந்து வழியாக ஒரு கைவண்டி வந்து நின்றது. வடிவேலு ஆசாரி. கோயில் பெஞ்சு, நாற்காலி எல்லாம் அவர் கைவேலைதான். வண்டியில் ஒரு கதவு. நிலையோடு.

"இன்னா சார், இடிச்சி முடிச்சிட்டீங்களா? அம்மா மத்தியானத்துக்கு மேல வரச் சொன்னாங்கோ. நான்தான் கொஞ்சம் முந்திக்கினேன்."

நானும் பாயும் கடப்பாரையோடு நின்றோம். ஆசாரி முழக்கோலை எடுத்து இடித்த இடத்தில் வைத்துப் பார்த்தார். மேலே, கீழே, குறுக்கே. மெச்சிக்கொண்டார்.

"ரெண்டே முக்கால் அடி. கச்சிதமாக் கீது. கொத்தனாரு கூட இவ்ளோ நேரா இடிக்க மாட்டான் சார்."

"ஆசாரி, இந்தக் கதவை எப்போ செய்யச் சொன்னாங்க?"

"பொங்கலுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்கோ. கலருதான் பின்னால எழுதி அனுப்பிச்சாங்கோ. இந்தா பாரு சார்."

ஒரு காகிதத்தை நீட்டினார். பியாட்ரிஸ் கையெழுத்து. எங்கள் பக்கம் பச்சை, அவர்கள் பக்கம் நீலம். திருப்பிப் பார்த்தேன். ஐயா, பொங்கலுக்குப் பிறகு மயிலாப்பூர்வாசிகளின் சர்க்கரை மர்மமாகக் குறைந்து வருகிறது.

பாய் எட்டிப் பார்த்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "சார், நிலையப் புடிங்க. ஆசாரி ஒண்டியாத் தூக்க முடியாது" என்றார். நிலையைப் பிடித்தேன்.

அந்த வருஷம் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின வாரம், ஒரு பகல் வேளையில், "அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. பியாட்ரிஸ் கையில் இருந்த தையலைப் போட்டுவிட்டு அந்த மூன்றடிப் பாதையில் ஓடினாள். பத்தடிதான். பாய் கடையிலிருந்து வருவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. வஜீஹா என்று பெயர் வைத்தார்கள். ஒரு கூடை அவரைக்காய் கோயிலுக்கும் போயிற்று. இதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று மாலை கதவு நின்றதும் முதலில் அஃப்சருன்னிசா வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, நான் திமிசு போட்ட தரையில் மெல்ல நடந்து வந்தாள். பியாட்ரிஸ் கதவருகே நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டார்கள் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

பிறகு பியாட்ரிஸ் எனக்குக் காபி கொண்டுவந்தாள். கணவன் என்ற முறையில் ஏதாவது கேட்டாக வேண்டும்.

"எறும்பு மறுபடி வந்தா?" என்றேன்.

"இனிமே வராதுங்க. காபி ஆறுது, குடிங்க."

குடித்தேன். இருபத்தாறு நாளைக்குப் பிறகு அதில் சர்க்கரை இருந்தது.